ஐந்தாம் நாள் முளைத்த கிருமி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. தொப்புள் அருகே தையல் போட்ட இடத்தில் கட்டி வந்து உடைவதும் மூடுவதுமாக இருக்கிறது. வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியா என்று சொல்கிறார்கள். இது பலருக்கும் வருவதுதானா?" பதில் எழுதிய மருத்துவர் சிகிச்சையைப் பற்றி நன்றாகவே விளக்கியிருந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் "மிக அரிது" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருத்துவர் அல்ல. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பத்தோரு ஆண்டு நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சீழ், சளி, சிறுநீர், ரத்தம் என்று வருகிற மாதிரிகளைக் கல்ச்சர் தட்டில் தீட்டி, இன்குபேட்டரில் வைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுத்துப் பார்த்து, எது முளைத்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். முதல் இருபத்து மூன்று ஆண்டில், காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கிருமியை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கண்ணில் படாததால் இல்லை என்றே நம்பினேன். அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால் நானும் "மிக அரிது" என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் அண்ணனுக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டு, எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார், பத்து நாளில் தையல் காய்ந்தது. ஐந்தாவது வாரம் தொப்புளருகே தழும்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முடிச்சு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அது தானாக உடைந்து, நீர்த்த சீழ் கசிந்தது. கல்ச்சருக்கு அனுப்பினார்கள். "48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை, ஸ்டெரைல்" என்று ரிப்போர்ட் வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், மூடியது. மறுபடி உடைந்தது. வேறு ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். அதற்குள் மார்புக்குழிக்குக் கீழே இருந்த துளைத் தழும்பிலும் அதே மாதிரி முடிச்சு. மூன்றாம் மாதம் சதையைக் கொஞ்சம் எடுத்து பயாப்சிக்கு அனுப்பியதில் "கிரானுலோமா, காசநோயாக இருக்கலாம்" என்று வந்தது. கிரானுலோமா என்றால் சதைக்குள் உருவாகும் அழற்சி முடிச்சு. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தம்பியூட்டால் என்று நான்கு மருந்தையும் தொடங்கினார்கள். அண்ணனுக்குப் பசி போனது, உடம்பு இளைத்தது. புண் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. காசநோய் என்று எழுதிவிட்டார்களே என்று, இரண்டு மாதம் அவருடைய பேத்தியை அவர் பக்கத்தில் போக விடாமல் நாங்கள் பிடித்து வைத்திருந்தோம். அந்தக் குழந்தை கதவோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறுவைப் புண்ணில் வரும் இந்தக் கிருமி, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் தொற்றிக்கொள்கிற ரகம் இல்லை. அது தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தை அவரிடமிருந்து பறித்திருக்க மாட்டோம்.

கடைசியில் அண்ணனின் மருத்துவரிடம் கேட்டு, சீழை நானே எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிப் போனேன். இரண்டாம் நாள் பார்த்தேன், ஒன்றுமில்லை. வழக்கம்போல அழிக்கும் பையில் போடப் போனபோது, எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த நுண்ணுயிரியல் மருத்துவர் தடுத்தார். "அறுவை முடிந்து ஐந்து வாரம் கழித்து வந்திருக்கிறது. சாதாரண ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை, காசநோய் மருந்தும் கேட்கவில்லை. ஒரு வாரம் வையுங்கள் அம்மா. இன்னொரு தட்டு தீட்டி முப்பது டிகிரியிலும் வையுங்கள்" என்றார். ஐந்தாம் நாள் காலையில், முப்பது டிகிரியில் வைத்த தட்டில் மட்டும், குண்டூசி முனை குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். கிருமிகளைப் பார்க்க வழக்கமாகப் போடும் கிராம் சாயத்தில் பாதி ஏறியும் ஏறாமலும் தெரிந்தன. இதுபோலத் தெரிந்தால் "டிப்தெராய்டு, தோலிலிருந்து கலந்தது" என்று எழுதி ஒதுக்குவதுதான் வழக்கம். அவர் சொன்னபடி, காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் சாயம் போட்டேன். நீலப் பின்னணியில் சிவப்பு சிவப்பாகக் குச்சிகள். மேல் பரிசோதனைக்கு அனுப்பியதில் மைக்கோபாக்டீரியம் செலோனே என்று பெயர் வந்தது.

கண்டுபிடித்தோமே என்ற சந்தோஷம் அன்று எனக்கு வரவில்லை. இருபத்து மூன்று ஆண்டாக இரண்டாம் நாளே தூக்கிப்போட்ட தட்டுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

வேகமாக வளரும் என்ற பெயரே ஆளை ஏமாற்றும். கேட்டவர்கள், உடம்பில் வேகமாகப் பரவும் போலிருக்கிறது என்று பயப்படுகிறார்கள். காசநோய்க் கிருமி திட ஊடகத்தில் கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் எட்டு வாரம் எடுக்கும். அதோடு ஒப்பிட்டால் ஏழு நாளுக்குள் தெரிகிற இவை வேகம், அவ்வளவுதான். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்களை ரன்யான் என்பவர் 1959-இல் வகுத்த நான்கு பிரிவுகளில் இவை நான்காவது. ஆனால் சீழில் நாங்கள் அன்றாடம் பார்க்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஒரே இரவில் முளைத்துவிடும். அந்தக் கடிகாரத்துக்குப் பழகிய ஆய்வகத்துக்கு ஐந்து நாள் என்பது யுகம். காசநோய்க் கிருமி போல மெதுவானவை என்றால் தனி ஆய்வகம், தனி ஏற்பாடு உண்டு. சாதாரணக் கிருமிக்கு எங்கள் மேசை உண்டு. இவை இரண்டுக்கும் நடுவில் விழுந்து தொலைந்துபோகின்றன.

கிருமி புதிதும் அல்ல. ஃபிரீட்மன் என்பவர் 1903-இல் பெர்லின் மீன்காட்சியகத்து ஆமைகளின் நுரையீரலிலிருந்து செலோனேயைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் ஆமைக்குள்ள சொல்லே அதன் பெயரானது. இதே ரகத்தில் இன்னொன்றான ஃபார்ட்யூட்டம், ஊசி போட்ட இடத்துக் கட்டியிலிருந்து 1938-இல் விவரிக்கப்பட்டது. மூன்றாவதான அப்செசஸ் 1953-இல். மூன்றுமே நீரிலும் மண்ணிலும் இயல்பாக வாழ்பவை. குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, குடிநீருக்குப் போடும் குளோரினைத் தாக்குப்பிடித்துக் கிடக்கும். தோல் முழுசாக இருக்கும்வரை அவற்றால் நமக்குத் தொல்லை பெரும்பாலும் இல்லை. தோலுக்கு அடியில் அவற்றைக் கொண்டுபோய் விடுகிற ஏதோ ஒன்று வேண்டும். துளைக் கருவியோ, ஊசியோ, பச்சை குத்தும் மையோ, அது நாம் செய்வதுதான்.

இப்போது அந்த வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாட்டில் இது எத்தனை பேருக்கு வருகிறது? பெரும்பாலான நாடுகளில் இதற்கு நேர்மையான பதில் கிடையாது. ஏனென்றால் யாரும் எண்ணுவதில்லை. காசநோய் என்றால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதற்கு அந்தக் கட்டாயம் பல இடங்களில் இல்லை. என் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிப்போர்ட்டில் அவர் "கிருமி இல்லாதவர்". பயாப்சிக்குப் பிறகு காசநோய்க் கணக்கில் ஒருவர். மூன்றாவதாக நானும் பழக்கத்தில் டிப்தெராய்டு என்று எழுதியிருந்தால் "மாதிரியில் கலப்படம்". மூன்று முறையும் அவர் வேறு வேறு பத்தியில் விழுந்திருப்பார். அவர் உண்மையில் இருக்க வேண்டிய பத்தி எந்தப் பதிவேட்டிலும் இல்லவே இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு பிழை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இவை நீரில் வாழ்பவை என்பதால், வாய் கொப்பளித்த தண்ணீரிலிருந்துகூடச் சளி மாதிரியில் வந்து சேரலாம். அதனால்தான் நுரையீரல் நோய் என்று சொல்ல, அறிகுறிகளும் ஸ்கேனும் பொருந்துவதோடு, தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது முளைக்க வேண்டும், அல்லது நுரையீரலுக்குள் குழாய் விட்டு எடுத்த மாதிரியில் முளைக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. முளைத்தவர்களை எல்லாம் நோயாளிகள் என்று எண்ணினால் கணக்கு ஊதிவிடும். 2008-ஆம் ஆண்டுக்கான மாதிரிகளை 30 நாடுகளின் 62 ஆய்வகங்களிலிருந்து திரட்டி 20,182 பேரின் விவரத்தை ஒன்றுசேர்த்தார்கள். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்களில் எது எங்கே அதிகம் என்று அது காட்டியது. மெதுவாக வளரும் ஏவியம் கூட்டம் மட்டுமே 47 சதவீதம், வேகமாக வளர்பவற்றின் பங்கு இடத்துக்கு இடம் மாறியது. அருமையான வேலை. ஆனால் அதுவும் கிருமி முளைத்தவர்களின் கணக்குதான். நோயாளிகள் எத்தனை, எத்தனை லட்சம் மக்களில் எத்தனை பேர் என்பது அதில் கிடையாது. பெரிய மருத்துவமனை ஒன்று "எங்களிடம் வந்த மாதிரிகளில் இத்தனை சதவீதம்" என்று வெளியிடுவதை எடுத்து நாட்டுக்கே பொருத்துவதும் இதே தவறு. ஆறாத புண்கள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அது. அங்கே சதவீதம் கூடத்தான் செய்யும்.

ஒழுங்காக எண்ணிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓல்ம்ஸ்டெட் கவுண்டி. அங்கே வசிப்பவர்கள் எந்த மருத்துவரிடம் போனாலும் அவர்களுடைய பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருக்கிறது. எத்தனை பேரில் எத்தனை என்று கேட்டால் அந்த 'எத்தனை பேர்' கையில் இருக்கிறது. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவால் தோலில் வரும் தொற்று, 1980 முதல் 1999 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 0.7, 2000 முதல் 2009 வரை சுமார் 2.0. பிந்தைய ஆண்டுகளில் வேகமாக வளர்பவற்றின் பங்கும் கூடியிருந்தது. லட்சத்துக்கு இரண்டு என்பது அரிது என்கிற கட்டத்தில்தான் வரும், மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு அரிது என்று சொல்பவரிடம் எனக்குச் சண்டையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இந்தத் தொற்று ஒரு நாடு முழுக்கச் சீராகத் தூவிக் கிடப்பதில்லை. ஒரே இடத்தில் கொத்தாக வெடிக்கும். பிரேசிலின் ரியோ டி ஜனேரோ மாநிலத்தில் 2006 ஆகஸ்டிலிருந்து 2007 ஜூலைக்குள், கேமரா வைத்துச் செய்யும் அறுவைக்குப் பிறகு வந்த தொற்றாக இருக்கலாம் என்று 1,051 பேர் பதிவானார்கள். 63 மருத்துவமனைகள் அதில் அடக்கம். கருவிகளை ஊறவைக்கும் 2 சதவீத குளூட்டரால்டிஹைடு கரைசலையே தாங்கி நின்றது அந்தக் கிருமி. இந்தக் கரைசலைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருபது, முப்பது நிமிடம் ஊறவைத்தால் பெரும்பாலான கிருமி சாகும். முழுக்கக் கிருமி நீக்கம் ஆக வேண்டுமென்றால் பத்து மணி நேரம் ஆகும். அடுத்த நோயாளி மேசையில் காத்திருக்கும்போது பத்து மணி நேரம் யார் விடுகிறார்கள்? ஊறியதை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசினால், போன கிருமியை நாமே திரும்ப அழைத்து வந்த மாதிரி. பிரேசில் 2009-இல் இந்த வகை அறுவைக் கருவிகளைக் கரைசலில் ஊறவைத்துக் கிருமி நீக்கம் செய்வதையே நிறுத்தச் சொல்லி விதி கொண்டுவந்தது. எண்ணியதால் வந்த விதி அது.

கலிஃபோர்னியாவில் 2000 செப்டம்பரில் நடந்தது இன்னும் என்னை உறுத்துகிறது. கெண்டைக்காலில் ஆறாத கட்டிகளோடு நான்கு பேர் ஒரு மருத்துவரிடம் வந்தார்கள். நான்கு பேருக்கும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. நான்கு பேரும் ஒரே அழகு நிலையத்தில் பாதப் பராமரிப்புக்குப் போனவர்கள் என்பதை அந்த மருத்துவர் கவனித்துச் சொன்னார். தேடிப் போனதில் 110 வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். கால் ஊறவைக்கும் தொட்டிகளின் நீர் உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் அடைந்து கிடந்தன, அங்கே ஃபார்ட்யூட்டம் குடியிருந்தது. போவதற்கு முன் காலில் முடி மழித்தவர்களுக்கே அதிகம் வந்திருந்தது. அந்த 110 பேரில் கல்ச்சரில் கிருமி முளைத்தது 34 பேருக்குத்தான். இத்தனை தெரிந்துகொண்டு, குறிவைத்துத் தேடியபோதே மூன்றில் ஒருவருக்குத்தான் முளைத்தது. யாரும் தேடாத இடத்தில் எத்தனை பேருக்கு முளைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குச் சாம்பல் நிற மை வழியாகச் செலோனே வந்ததும், கலிஃபோர்னியாவில் 2016-இல் பல் சிகிச்சைக் கருவியின் நீர்க்குழாய் வழியாகக் குழந்தைகள் பலருக்கு அப்செசஸ் தாடை எலும்புவரை போனதும் இப்படித்தான் வெளியே வந்தன. ஒரே மாதிரி இரண்டு மூன்று பேரைப் பார்த்த ஒருவர், அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

எங்கள் ஆய்வகத்தில் அண்ணனுக்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். அறுவையோ ஊசியோ போட்ட இடத்தில் இரண்டு வாரம் தாண்டி வந்த சீழ் என்றால் தட்டை ஏழு நாள் வைப்பது, ஒன்றை 30 டிகிரியில் வைப்பது. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. பழைய இன்குபேட்டரில் ஓர் அடுக்கு, அவ்வளவே. அடுத்த இரண்டு ஆண்டில் ஏழு பேர் கிடைத்தார்கள். இருபத்து மூன்று ஆண்டில் ஒருவரும் இல்லாமல் இருந்து, இரண்டு ஆண்டில் ஏழு பேர். கிருமி அந்த ஆண்டு புதிதாகக் கிளம்பி வந்ததாக நான் நினைக்கவில்லை. ஏழில் நால்வருக்கு அறுவை நடந்தது ஒரே இடத்தில். எங்கள் மருத்துவர் அங்கே பேசினார். கருவிகளை இருபது நிமிடம் ஊறவைத்துக் குழாய் நீரில் அலசுவது தெரிந்தது. கோபப்படாமல் கேட்டுக்கொண்டு வழக்கத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து எங்களுக்கு வரவில்லை. ஆனால் அந்த ஏழு பேரையும் எந்த அலுவலகத்திலாவது பதிவு செய்யலாம் என்று பார்த்தால் அதற்குரிய படிவமே கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, வயது, அறுவை, எத்தனையாவது வாரம், எத்தனையாவது நாள் முளைத்தது என்று நான் எழுதி வைத்ததோடு சரி.

அதனால் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அறுவை, ஊசி, பல் சிகிச்சை, அழகு சிகிச்சை இவற்றுக்குப் பிறகு வரும் இந்தத் தொற்றை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவியுங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா தொற்றைத் தெரிவிக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2014 முதல் நுரையீரலுக்கு வெளியே வருவதைத் தெரிவிக்கச் சொல்கிறது. செய்ய முடியாத காரியமில்லை. மருத்துவர்கள் சீழை அனுப்பும் சீட்டில் "அறுவை முடிந்து ஆறாவது வாரம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், மேசையில் இருக்கும் நுட்புநருக்கு அது மணி அடித்தது போல. சாயத்தில் சிவப்புக் குச்சி தெரிந்து, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தால், நான்கு மருந்தைத் தொடங்கும் முன் கல்ச்சருக்குக் காத்திருங்கள். அந்த மருந்துகள் பெரும்பாலும் இவற்றிடம் பலிக்காது. எந்த இனம் என்று தெரிவதும் முக்கியம். செலோனேக்குக் கிளாரித்ரோமைசின் பொதுவாகக் கேட்கும். அப்செசஸ் வகையில் பலவற்றுக்கு, மருந்தைக் கண்டதும் விழித்துக்கொள்ளும் எதிர்ப்பு மரபணு ஒன்று உண்டு. ஆரம்பத்தில் கேட்பது போலிருந்து பிறகு கேட்காது. அண்ணனுக்குப் புண் ஓடிய பாதையை அறுத்தெடுத்து, கிளாரித்ரோமைசினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆறிவிட்டது.

கேள்வி-பதில் பகுதியை எழுதும் மருத்துவருக்கு ஒரு வேண்டுகோள். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு, பல ஆண்டாக அவர் பகுதியைப் படிக்கிறேன். அந்த வாசகருக்கு இன்னொரு பதில் எழுதுங்கள் ஐயா. அறுவை செய்துகொண்ட இடத்துக்கு அவர் திரும்பப் போய், அதே மாதத்தில் அங்கே அறுவை செய்துகொண்ட வேறு யாருக்காவது தழும்பில் முடிச்சு வந்திருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வக நுட்புநர்